திமிங்கல ஆணையத்துக்குப் போகிறவர்களுக்கு, காசிமேட்டிலிருந்து

சர்வதேசத் திமிங்கல ஆணையத்தில் இந்தியாவுக்காகப் பேசும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

காசிமேட்டில் உங்களை யாருக்கும் தெரியாது. அப்படியொரு ஆணையம் இருப்பதும், 1981-லிருந்து இந்தியா அதில் உறுப்பு நாடு என்பதும் மீன் ஏலத்துக்கு வரும் கூட்டத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். ஆனால் அந்த ஆணையம்தான் 1979-ல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தது. செஷல்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு கொண்டுவந்த யோசனை அது. வங்காள விரிகுடாவும் அதற்குள் அடக்கம். எங்கள் விசைப்படகுகள் போய்வருகிற கடலே சரணாலயம் என்று ஆகிவிட்ட பிறகு, அதைப் பற்றி டெல்லிக்கு ஒரு மடல் எழுத எங்களுக்கும் பாத்தியதை உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பதை இந்தியா எதிர்க்க வேண்டும். அடுத்த கூட்டத்திலும் எதிர்த்தே ஓட்டுப் போடுங்கள். நான் பேச வந்தது அந்த ஓட்டுக்கு நாம் சொல்கிற காரணத்தைப் பற்றி.

ஜப்பான் 2019 ஜூன் 30-ம் தேதி ஆணையத்தை விட்டு விலகி, மறுநாளே தன் கடலில் வணிக வேட்டையைத் தொடங்கியது. அந்தச் செய்தி வந்தபோது என் காதில் விழுந்த பேச்செல்லாம் ஒரே மாதிரி இருந்தது. “இவ்வளவு அறிவான பிராணியை எப்படித் தின்ன மனசு வருது?” “காட்டுமிராண்டிப் பசங்க.” சொன்னவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், தெருநாய்க்கு பிஸ்கட் போடுகிறவர்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தத் தொனி வடசென்னைக்காரனுக்குப் பழகிய தொனி.

எங்கள் பக்கம் என்ன சாப்பிடுகிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் போட்டி, தலைக்கறி, ரத்தப் பொரியல். சாயங்காலம் தள்ளுவண்டியில் மாட்டுக்கறிச் சுக்கா. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால் சுறாப் புட்டு. பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ. இதில் எந்த ஒன்றையும் முகம் சுளித்துப் பார்க்கிற ஆள் இதே ஊரில், பஸ்ஸில் அரைமணி நேர தூரத்தில் இருக்கிறார். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வியே “நீங்க வெஜ்ஜா?” என்பதுதான். அட்வான்ஸ் எவ்வளவு என்பது அதற்கு அப்புறம்.

இது தனிமனிதர் பழக்கம் என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டிக்க வேண்டிவந்தது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடம் கிடையாது என்றது. அதுவும் ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழை வரும் என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிப்போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் மாட்டுக்கறிக் கடை முதலில் இல்லை. கேள்வி கேட்ட பிறகுதான் வந்தது.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? “எனக்குக் குமட்டுகிறது, ஆகவே நீ சாப்பிடக் கூடாது” என்ற நியாயத்தை நீங்கள் உலக அரங்கில் ஒரு முறை ஏற்றுக்கொண்டால், அது அங்கேயே நிற்காது. ஜப்பான்காரன் தட்டைப் பார்த்துச் சொன்னது நாளைக்கு எங்கள் தட்டுக்கும் வரும். நாகாலாந்துக்கு ஏற்கெனவே வந்தது. 2020 ஜூலையில் அந்த மாநில அரசு நாய்க்கறிக்குத் தடை போட்டது. 2023 ஜூனில் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தின் கோஹிமா கிளை அந்த ஆணையை ரத்து செய்தது. நாகா மக்களிடையே அது இன்றும் ஏற்கப்பட்ட உணவு என்று சுட்டிக்காட்டியது. எனக்கு நாய்க்கறி வேண்டாம், வாயில் வைக்க மாட்டேன். ஆனால் என் வாய்க்கு வேண்டாததை எல்லாம் சட்டமாக்கினால் அதற்கு முடிவே இருக்காது.

சரி, அப்படியானால் பண்பாடு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. இந்த இடத்தில் தமிழர்களாகிய நாங்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும், ஏனென்றால் 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் உட்கார்ந்து நாங்கள் எழுப்பிய வாதமும் அதுதான். காளை எங்கள் வீட்டுப் பிள்ளை, இது எங்கள் மரபு, வெளியிலிருந்து வந்து பாடம் நடத்தாதே. திமிங்கலம் பிடிக்கிற ஜப்பானும் நார்வேயும் ஃபாரோ தீவுக்காரர்களும் ஏறக்குறைய இதே வரிகளைத்தான் சொல்கிறார்கள். ஜல்லிக்கட்டில் எனக்குப் பிடித்தது, ஆட்சேபனை உள்ளது இரண்டும் உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை. மரபு என்று சொன்னால் அடுத்த கேள்வி கேட்கும் உரிமையாவது இருக்க வேண்டும். எந்த மரபு, எப்போதிலிருந்து, யாருடையது?

ஜப்பானிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சுவாரசியமானது. தைஜி போன்ற கரையோர ஊர்களில் திமிங்கல வேட்டை பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. நாகாதோ பக்கம் கயோய் என்ற ஊரில் 1692-ல் எழுப்பிய திமிங்கலக் கல்லறை இன்றும் இருக்கிறது. வெட்டும்போது தாயின் வயிற்றில் கிடைத்த குட்டிகளை அங்கே புதைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சங்க காலத்துப் பரதவர்தான் நினைவுக்கு வந்தார்கள். சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு, கள் குடித்துக் கும்பிட்டவர்கள். சுறாவைத் தின்றவர்களும் அவர்களேதான். வியட்நாம் மீனவர்கள் இதற்கு நேர்மாறு. செத்து ஒதுங்கிய திமிங்கலத்தைச் சொந்தக்காரர் செத்ததுபோலச் சடங்கு செய்து புதைத்து, அப்புறம் எலும்பை எடுத்துக் கோயிலில் வைக்கிறார்கள். இவர்களில் யாரைக் காட்டுமிராண்டி என்பது?

ஆனால் அண்டார்டிகாவில் போய்ப் பிடிப்பது கயோய் மரபு கிடையாது. ஜப்பான் கப்பல் அங்கே முதலில் போனதே 1934-ல்தான். போர் முடிந்து ஊரே பட்டினியில் கிடந்தபோது, 1946-ல், ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மக்கார்தர் அந்த வேட்டைக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தார். அதற்கு அப்புறம்தான் நாடு முழுக்கத் திமிங்கலக் கறி பரவியது. நம் சத்துணவில் முட்டை போல அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டில் அது இருந்தது. 1962-ல் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சாப்பிட்டார்கள். இப்போது சில ஆயிரம் டன்னைத் தாண்டுவதில்லை. இளசுகள் சீந்துவதில்லை. நடுவில் பல வருஷம் ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில் பிடித்தார்கள். 2014 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம் அண்டார்டிகாவில் நடந்தது அறிவியல் ஆராய்ச்சிக்கான வேட்டையாக இல்லை என்று தீர்ப்புச் சொல்லி நிறுத்தியது. ஆக, ஒரு பட்டினிக் காலத்து ஏற்பாட்டைப் பழைய மரபோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைக்கிறார்கள். பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

எதிரணியில் நின்று திட்டுகிறவர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கு. கடலைக் காலிசெய்ததில் பெரிய பங்கு பிரிட்டனுக்கும் நார்வேக்கும். மிதக்கும் ஆலைகளை அண்டார்டிகாவுக்கு அனுப்பி எண்ணெய் காய்ச்சினார்கள். அது சோப்பும் மார்ஜரினும் ஆனது. சோவியத் யூனியன் இதே ஆணையத்தில் உறுப்பினராக உட்கார்ந்துகொண்டு சுமார் 1,80,000 திமிங்கலங்களைக் கணக்கில் காட்டாமல் பிடித்தது. பின்னால் அந்நாட்டு விஞ்ஞானிகளே அதை வெளியே சொன்னார்கள். கறி சாப்பிடும் பழக்கம் இருந்திருந்தால் ஒன்றையாவது முழுசாகப் பயன்படுத்தியிருப்பார்கள். எண்ணெய்க்காகக் கொன்றவர்களின் பேரன்கள் பலர் (நார்வே மட்டும் இன்னும் பிடிக்கிறது) கறிக்காகக் கொல்கிறவனைப் பார்த்து நாகரிகம் பேசுகிறார்கள். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எரிச்சலிலேயே நின்று, ‘நீ செய்யவில்லையா, நானும் செய்கிறேன்’ என்று முடிவெடுத்தால் திமிங்கலத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு எதை வைத்துத்தான் எதிர்ப்பது? எனக்குத் தெரிந்து வலுவான காரணம், அது சாகிற விதம்.

ஐஸ்லாந்தில் 2022-ல் 148 துடுப்புத் திமிங்கலங்களைப் பிடித்தார்கள். அரசுப் பார்வையாளர்கள் படகில் போய்ப் பார்த்ததை வைத்து, அந்நாட்டு அரசின் உணவு, கால்நடை ஆணையமே அறிக்கை எழுதியது. நுனியில் வெடி வைத்த ஈட்டி அது. தைத்ததும் உள்ளே வெடிக்க வேண்டும். 36 திமிங்கலங்களை ஒரு முறைக்கு மேல் சுட வேண்டியிருந்தது. சில இரண்டு மணி நேரம் வரை உயிரோடு துடித்தன. அந்த அறிக்கையை வைத்துத்தான் 2023 ஜூனில் ஐஸ்லாந்து அரசு அந்தப் பருவ வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆடுகிற படகிலிருந்து, நகர்கிற உடம்பை, அலைக்கு நடுவில் குறிபார்க்கிறார்கள். கடலுக்குப் போன எவருக்கும் அதை எவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியும் என்று தெரியும். நிலத்தில் ஒரு கசாப்புக்காரர் இப்படி வெட்டினால் எந்த ஊரிலும் லைசென்ஸ் கிடைக்காது. இந்த வாதத்தில் யாருடைய குமட்டலுக்கும் வேலை இல்லை. இதையே எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டாலும் ஓடி ஒளிய முடியாது. லாரியில் மூச்சுமுட்ட அடைத்து வரும் மாட்டுக்கும், கூண்டில் திரும்ப இடமில்லாத பிராய்லர் கோழிக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி. திருப்பிக் கேட்கட்டும், பதில் சொல்வோம்.

இரண்டாவது, திமிங்கலம் மெதுவாகப் பெருகுகிற உயிர். பெரிய இனங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டி. 2007-ல் அலாஸ்காவின் பழங்குடிகள் பிடித்த ஒரு போஹெட் திமிங்கலத்தின் உடம்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த ஈட்டிமுனை இருந்தது. எங்கள் தாத்தாவின் அப்பா காலத்தில் குத்துப்பட்டு, தப்பித்து, அதற்கு மேல் ஒரு நூற்றாண்டு நீந்திய ஜீவன். நெத்திலிக் கணக்கை இதற்குப் போட முடியாது.

ஆனால் எண்ணிக்கை விஷயத்தில் நேர்மையாக இருங்கள். எல்லாத் திமிங்கலமும் அழிவின் விளிம்பில் இல்லை. மிங்கே திமிங்கலம் ஓரளவு நிறையவே இருக்கிறது. எவ்வளவு பிடித்தால் ஆபத்தில்லை என்று கணக்கிடும் முறையை ஆணையத்தின் விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் உழைத்து உருவாக்கினார்கள். 1994-ல் ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்றுவரை பயன்படுத்தவில்லை. ஏனென்றால் எண்ணிக்கை போதாது என்று சொல்லி வணிக வேட்டைக்கு ஆணையம் போட்ட தடை, எண்ணிக்கை இருந்தாலும் கூடாது என்று எப்போதோ மாறிவிட்டது. மாறியது தவறில்லை. மாறியதை வெளிப்படையாகச் சொல்லாததுதான் தவறு. காரணத்தை மறைத்து வைத்தால் எதிராளிக்கு ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று எழுந்து போக வாகாகிவிடுகிறது. ஜப்பான் அப்படித்தான் எழுந்து போனது.

இனி நான் உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

நார்வே, ஜப்பான், ஐஸ்லாந்து மூன்றும் சேர்ந்து வணிகத்துக்காகப் பிடிக்கும் பெரிய திமிங்கலங்கள் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவு. வலையில் சிக்கிச் சாகும் திமிங்கலங்களும் ஓங்கல்களும் (டால்பினைத்தான் சொல்கிறேன்) ஆண்டுக்குக் குறைந்தது மூன்று லட்சம் என்று உங்கள் ஆணையமே சொல்கிறது. அதாவது, திமிங்கலத்தை உணவாக நினைத்தே பார்க்காத நாடுகளின் வலைகள்தான் பெரும்பாலானவற்றைக் கொல்கின்றன. அந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. எங்கள் காசிமேடும் சேர்த்தி. நாங்கள் தின்பதில்லை, கொல்கிறோம். தின்கிறவனைப் பார்த்துக் காறித் துப்புவது எங்களுக்கு மிகவும் வசதியாக இருக்கிறது.

2025 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமையும் திமிங்கலம் மாதிரிதான், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டிச் சாகும். ஆமை மட்டும் தப்பித்துப் போக வலையில் கம்பிச் சட்டம் வைக்கலாம்; நம் நாட்டு மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே நம் கடலுக்கு ஏற்றபடி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது. அதை நாம் பயன்படுத்தவில்லை என்பதால்தான் 2019-லிருந்து அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. படகுக்காரர்களைக் கேட்டால், அந்தக் கம்பிச் சட்டத்தை வைத்தால் மீனும் சேர்ந்து வெளியே போகும், டீசல் விற்கிற விலையில் அந்த நஷ்டத்தை யார் தருவது என்பார்கள். அது சாக்கு இல்லை, நிஜமான கணக்கு. அதற்குப் பதில் சொல்லாமல் கரையில் கிடந்த ஆமைகளைப் படமெடுத்துப் போட்டு மீனவனைக் கொலைகாரன் என்றார்கள். ஆமை மடிகிறதும் நிற்கவில்லை, மீனவனின் கோபமும் தணியவில்லை.

ஆமையாவது கரை ஒதுங்கியதால் தெரிந்தது. ஓங்கல் வலையில் செத்தால் கணக்கே இல்லை. வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பிராணி அது. சொன்னால் கேஸ் வரும் என்று பயம். பேசாமல் கடலிலேயே தள்ளிவிட்டு வருவார்கள். தண்டனை மட்டும் தெரிகிற சட்டத்துக்கு யார் வந்து உண்மையைச் சொல்வார்கள்? நீங்கள் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் இந்தியக் கணக்கில் இந்த ஓட்டை இருக்கிறது. இதே கடலோரத்தில்தான் 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஏறியபோது, மீனவர்கள் ராத்திரியிலும் படகில் கட்டி இழுத்துப்போய்க் கடலில் விட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. அந்த ஆட்களை எதிரியாக்கி வைத்திருப்பது நஷ்டம்.

எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், குஜராத் போதும். வெராவல் கடலில் திமிங்கலச் சுறாவை ஈரலெண்ணெய்க்காகவும் ஏற்றுமதிக் கறிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001-ல் சட்டம் வந்தது. சட்டம் மட்டும் போதவில்லை. 2004-ல் தொடங்கிய பிரசாரத்தில் மொராரி பாபு என்ற கதாகாலட்சேபக்காரர் மீனவர்களிடம் போய், இது பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள், மகளைக் கொல்வார்களா என்று கேட்டார். கூடவே, வலையை அறுத்து விடுவிப்பவருக்கு அரசு நஷ்ட ஈடும் கொடுத்தது. கொன்றவர்களே விடுவிக்கிறவர்களாக மாறினார்கள். நஷ்ட ஈடு இல்லாமல் மகள் கதை மட்டும் எடுபட்டிருக்காது என்பது என் கணிப்பு. தென்கொரியாவிலும் நாய்க்கறி வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 2024 ஜனவரியில் வந்தது. 2027-ல் அமலுக்கு வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகள் திட்டிப் பார்த்தார்கள்; கடைசியில் நாய் வளர்க்கும் கொரியர்கள் பெருகி, அவர்களே கேட்டதால்தான் நடந்தது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் இந்தியாவின் பேச்சில் நாகரிகம், அநாகரிகம் என்ற சொற்கள் வர வேண்டாம். சாகிற விதத்தைப் பேசுங்கள், பெருகுகிற வேகத்தைப் பேசுங்கள். ஆர்க்டிக்கில் வேறு சாப்பாடு விளையாத இடத்தில் பிடித்து ஊரோடு பங்கிட்டுக்கொள்ளும் அலாஸ்காவின் இனுப்பியாட் பழங்குடி மக்களையும், ஏற்றுமதிக்கு வேட்டையாடும் கம்பெனியையும் ஒரே மூச்சில் கண்டிக்காதீர்கள். முக்கியமாக, நம் வலையில் என்ன சாகிறது என்பதை நாமே முதலில் எழுந்து சொல்வோம். அதற்கு முன்னால் இங்கே இரண்டு காரியம் நடக்க வேண்டும். தெரியாமல் சிக்கியதை வந்து சொல்லும் மீனவர் மீது வழக்கு கிடையாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு. வலையை அறுத்து விடுவித்தால் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தருவதுபோல இங்கேயும் நஷ்ட ஈடு, அதுவும் பத்து ஆபீஸ் ஏறி இறங்காமல் கையில் கிடைக்கிற மாதிரி.

இதைப் பற்றி எங்களிடம் நேரில் கேட்க நினைத்தால் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் வாருங்கள். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஆட்களும் வலை பழுதுபார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவரையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டுக்காரன் ஒருவன்